வாசலோரத்து வாடிக்கையாளர்

சக்கர அக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. மின்கட்டண ரசீதில் மட்டும் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. மற்றபடி அந்தத் தெருவுக்கும், அடுத்த தெருவுக்கும், ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நிறுத்துகிறவர்களுக்கும் அவள் சக்கர அக்காதான். சக்கர நாற்காலி, வாக்கர், ஊன்றுகோல் எது கோளாறானாலும் அவளுடைய பட்டறைக்குத்தான் வரும். நொண்டி வந்த வண்டி சரியாகி ஓடும்.

பட்டறை இரண்டே அறை. வாசலில் படி கிடையாது. அதற்காகவே அலையாய் அலைந்து அந்த இடத்தைப் பிடித்தாள். முன்னறையில் தாடி உட்கார்ந்து டயரும் பிரேக்கும் பார்ப்பான். அவனும் சக்கர நாற்காலியில் வலம் வருகிறவன்தான். தன் வண்டிக்கு மட்டும் ஒரு லாரி ஹாரன் வைத்துக்கொண்டு தெருவைக் கலங்கடிப்பான். அவனுக்குப் பக்கத்தில் தையல் மெஷினில் ஒரு பெண். காது கேளாது, வாய் பேச வராது. ஆனால் அவள் ஒருமுறை முறைத்தால் தாடியின் வாயும் சேர்ந்து அடைத்துவிடும். கிழிந்த இருக்கைகளுக்குப் புதுத்துணி தைப்பது அவள் வேலை. உள்ளறையில், ஜன்னலோரம், அக்காவின் வீட்டுக்காரர்.

அவர் ஒரு மெஷின் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். தொழிற்சாலையை இழுத்து மூடியதும், "கொஞ்ச நாள் உனக்கு ஒத்தாசையா இருக்கேன்" என்று வந்தார். வந்தவர் வந்தவர்தான். சக்கரத்தின் கோட்டம் எடுப்பது, பேரிங் மாற்றுவது, வளைந்த சட்டத்தை நிமிர்த்துவது எல்லாம் அவர் கைதான். சம்பளம் என்று ஒன்றை அக்கா கொடுத்ததும் இல்லை, அவர் கேட்டதும் இல்லை. புருஷன் பெண்டாட்டிக்குள் அதெல்லாம் என்ன என்று இரண்டு பேருமே அதைப் பற்றி யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

இப்போது கூடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். லாபம் மட்டுமே குறி என்றில்லாமல், ஒதுக்கப்பட்ட நாலு பேருக்கு வேலையும் மரியாதையும் கிடைக்கட்டும் என்று சின்னச் சின்னத் தொழில் நடத்துகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். தனித்தனியாகக் கிடந்தால் இவர்கள் திண்டாடித்தான் போவார்கள். அவர்களை ஒன்றுசேர்த்து, ஒருவரை ஒருவருக்கு அறிமுகப்படுத்தி, வேலை கொடுக்கிறவர்களிடம் கூட்டிக்கொண்டு போய் நிறுத்துவதற்காக ஓர் அமைப்பு இருந்தது. ஒரு பழைய அச்சகக் கட்டடத்தின் மேல்மாடி முழுக்க அவர்களுடையது. எல்லோரும் அதைக் கூடம் என்றுதான் சொல்வார்கள். அதை நடத்துகிற பையனுக்கு மைக் தம்பி என்று பெயர் வந்துவிட்டது. பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிற அறையிலும் அவனுக்குக் கையில் மைக் இல்லாமல் பேச வராது.

கூடத்தின் பெரிய சுவர் முழுவதும் ஆணி. ஒவ்வோர் ஆணியும் ஒரு தொழில். மாதக் கூட்டம் முடியும்போது எல்லோரும் எழுந்து போய் அந்தச் சுவரில் நூல் கட்ட வேண்டும். யாருக்காவது நீங்கள் உதவியிருந்தால் உங்கள் ஆணியிலிருந்து அவர்கள் ஆணிக்கு ஒரு நீல நூல். யாரிடமாவது உதவி வாங்கியிருந்தால் சிவப்பு நூல். யார் யாரைத் தாங்குகிறார்கள் என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் மனுஷ புத்தி இருக்கிறதே, சிவப்பு நூல் கட்டப் போகிறவர்கள் கொஞ்சம் அவசரமாகக் கட்டிவிட்டுத் திரும்புவார்கள். நீலம் கட்டுகிறவர்கள் முடிச்சை ஆற அமரப் போடுவார்கள்.

சக்கர அக்கா தன் ஆணியிலிருந்து நீலத்தைத் தவிர வேறு நிறம் கட்டியதே கிடையாது.

அது ஆரம்பித்தது இப்படி. கூடத்தில் சேர்ந்த புதிதில் ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. வகுப்பெடுத்தவர் ஒரு விஷயத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்னார்: வீட்டு ஆள் சும்மா உழைத்துத்தான் உங்கள் தொழில் நிற்கிறது என்றால், அது தொழிலே இல்லை, வீட்டின் முதுகில் ஏறி நீங்கள் செய்கிற சவாரி. அந்த உழைப்புக்கு ஒரு சம்பளம் போட்டுப் பாருங்கள், அப்போது தெரியும் உங்கள் பட்டறையின் லட்சணம் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். ஆனால் அவளுக்கு உள்ளறை ஜன்னலோரம் ஞாபகத்துக்கு வந்தது.

மறுவாரமே மைக் தம்பி ஒரு கூட்டத்தைப் பட்டறைக்கு அழைத்துக்கொண்டு வந்துவிட்டான். பெரிய ஆஸ்பத்திரியின் மேலாளர் அம்மாள் அதில் இருந்தார். ஆஸ்பத்திரியின் சக்கர நாற்காலிகள் மொத்தத்தையும் பழுதுபார்க்கும் வேலையை யாருக்குக் கொடுக்கலாம் என்று அவர் பார்த்துக்கொண்டிருந்த நேரம். தாடி ஹாரன் அடித்து வரவேற்றான். தையல்காரப் பெண் தன் தையலைக் காட்டினாள். அந்த அம்மாளுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. பிறகு உள்ளறைக் கதவருகே நின்று, சக்கரத்தைச் சுழலவிட்டுக் குனிந்திருந்த மனிதரைப் பார்த்து, "இவருக்கு என்ன சம்பளம் கொடுக்கறீங்க?" என்று கேட்டார்.

வகுப்பெடுத்தவரின் குரல் அக்காவின் காதில் கேட்டது. வாய் முந்திக்கொண்டது.

"அவர் இங்க வேலை செய்யறவர் இல்லைங்க. கஸ்டமர். வண்டி ரெடியாகற வரைக்கும் சும்மா இருக்க முடியாம வேலையில கையை வச்சுக்கிட்டு இருக்காரு."

தாடி ஹாரன் மேல் வைத்த கையை அப்படியே வைத்திருந்தான். வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அக்காவைப் பார்த்தார், அந்த அம்மாளைப் பார்த்தார். பிறகு ஸ்பேனரை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, கிரீஸ் படிந்த இரண்டு கைகளையும் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு, முன்னறைக்கு வந்து வாசலோரம் வாடிக்கையாளர்களுக்காகப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

அந்த அம்மாள் விடவில்லை. "இங்க சர்வீஸ் எப்படிங்க இருக்கு?" என்று அவரையே கேட்டார்.

"இங்க வேலை சுத்தமா இருக்கும்" என்றார் அவர்.

ஆஸ்பத்திரி வேலை கிடைத்தது. மைக் தம்பி அப்போதே ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டான். அடுத்த மாதம் கூடத்தின் செய்தித்தாளில் அது வந்தது: வாசலோர நாற்காலியில், கைகளைப் பாக்கெட்டில் விட்டபடி அக்காவின் வீட்டுக்காரர், கீழே 'மனநிறைவு பெற்ற வாடிக்கையாளர்' என்ற வரியோடு. சுவரில் அக்காவின் ஆணிக்குப் பக்கத்திலும் அதை ஒட்டினார்கள்.

அந்த அம்மாள் வந்துபோன அன்று வீட்டில் ஒரு சண்டை வரும் என்று அக்கா எதிர்பார்த்தாள். வந்திருந்தால் தேவலை. அவர் வழக்கம்போலச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார். அதைவிடக் கொடுமை என்னவென்றால், அதற்குப் பிறகு யாராவது பார்வையாளர் வருகிறார்கள் என்று தெரிந்தாலே, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அவரே எழுந்துவந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். கை பாக்கெட்டுக்குள் போய்விடும். அவர்கள் போனபிறகு உள்ளே போய் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்வார். அக்காவும் அதைப் பார்த்தும் பார்க்காதவள் மாதிரி இருந்துகொள்ளப் பழகினாள். வெட்கத்தைக்கூட மனுஷன் பழகிக்கொள்ள முடியும் என்பதை அவள் அப்போதுதான் தெரிந்துகொண்டாள்.

கூடமோ அவளைத் தலையில் தூக்கிவைத்து ஆடியது. யார் தோளிலும் சாயாமல் நிற்கிற பட்டறை என்று மைக் தம்பி போகிற இடமெல்லாம் சொன்னான். புதிதாய்ச் சேருகிறவர்களுக்கு அவள்தான் பேச வேண்டும் என்று ஆகிவிட்டது. முதல் தடவை காகிதத்தைப் பார்த்து வாசித்தாள். நாலாவது தடவை கைகளை ஆட்டிப் பேச வந்துவிட்டது. பேச்சில் ஒரு வரி எப்படியோ வந்து ஒட்டிக்கொண்டது, அதற்குத்தான் கைதட்டல் அதிகம்: "குடும்பத்தை வாசலோட நிறுத்துங்க. தொழில் உள்ள வரட்டும்." வாசலோடு நிறுத்துவதைப் பற்றி அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்.

அந்தப் பேச்சைக் கேட்டவர்களில் ஒருவர்தான் சலவைக்காரர். சிறையிலிருந்து வெளியே வந்து, வேலை தர ஆளில்லாமல் திரிகிறவர்களை வைத்துச் சலவைக்கூடம் நடத்துகிற மனிதர். பெரிய உடம்பு, சின்னக் குரல். விடுதிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் படுக்கை விரிப்பு துவைத்துத் தருவது அவருடைய தொழில். பேச்சு முடிந்ததும் டீ வைத்திருந்த மேஜையருகே வந்து தயங்கித் தயங்கி நின்றார்.

"அக்கா, ஒரு சந்தேகம். என் வீட்டுக்காரி தினமும் வந்து துணியெல்லாம் பாத்துக்கறா. கறை போகலன்னா அவதான் கண்டுபிடிப்பா. இஸ்திரியும் போடுவா. பசங்களுக்கு அவ சொன்னாத்தான் கேக்கும். அதுகூட தப்புங்களா?"

நியாயமான கேள்வி. அக்காவுக்கு அந்த நிமிஷமே பதில் தெரியும். தப்பில்லை தம்பி, என் பட்டறையும் அப்படித்தான் நடக்கிறது, நம் இரண்டு பேரும் செய்ய வேண்டியது வீட்டு ஆளுக்கு ஒரு சம்பளமும் ஒரு பெயரும் கொடுப்பதுதான் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தாள் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் மைக் தம்பி பக்கத்திலேயே பிஸ்கட்டை நனைத்துக்கொண்டு நின்றான். அன்று விருந்தினராக வந்திருந்த ஆஸ்பத்திரி அம்மாளும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நிறுத்திடுங்க தம்பி" என்றாள் அக்கா. "முதல்ல கஷ்டமாத்தான் இருக்கும். அப்புறம் பாருங்க, தொழில் தானா நிமிரும்."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் போனார். அக்கா டீயைக் குடித்தாள்.

அதன்பிறகு சலவைக்காரர் கூட்டங்களுக்கு வருவது குறைந்தது. வந்தாலும் பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் போனார். விரிப்புகள் கறையோடு திரும்பி வருகின்றன, விடுதிக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று அங்கங்கே பேச்சு அடிபட்டது. அக்கா அதைக் கேட்டும் கேட்காதவள் மாதிரி இருந்தாள். ஊரில் ஆயிரம் காரணம் இருக்கும், எல்லாம் நம்மால்தான் என்று நினைப்பதும் ஒரு வகைத் திமிர்தானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சமாதானம் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

பிறகு ஒரு மாதக் கூட்டத்தில் அவர் எழுந்தார். மைக்கை வாங்கத் தெரியாமல் வாங்கி, வாய்க்கு ரொம்பப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு பேசினார்.

"கடையை மூடிட்டேங்க. மெஷினைக் கொடுத்தாச்சு. பசங்களுக்கு யாராவது வேலை தந்தா புண்ணியமாப் போகும். நல்ல பசங்க. குத்தம் அவங்க மேல இல்ல. கூடத்து மேலயும் இல்ல. வழி சரியாத்தான் காட்டினாங்க. அக்காவால முடிஞ்சது, என்னால முடியல. எனக்குத் துப்பில்ல, அவ்வளவுதான்."

மைக் தம்பி தலையைக் குனிந்துகொண்டான். யாரோ ஒருவர் ஆறுதலுக்காக மெல்லக் கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். அக்காவும் தட்டினாள். தன் கைகள் தட்டுவதைத் தானே பார்த்தாள். நிறுத்த முடியவில்லை. சலவைக்காரர் சுவருக்குப் போய்த் தன் ஆணியிலிருந்த நூல்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். கடைசியாக ஒரு சிவப்பு நூல் மிஞ்சியது. அது அவர் ஆணியிலிருந்து அக்காவின் ஆணிக்குப் போயிருந்தது. அவளிடம் யோசனை கேட்டதற்காக அவரே கட்டியது. அதை அவர் அவிழ்க்கவில்லை. "இது இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, அக்காவைப் பார்த்து லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பதிலாக அவள் கன்னத்தில் அவர் ஓர் அறை விட்டிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நடந்ததையெல்லாம் வீட்டுக்காரரிடம் கொட்டினாள். டீ மேஜையருகே தான் சொன்ன பதிலையும் மறைக்காமல் சொன்னாள். சொல்லி முடித்ததும், தப்பு செய்தவர்களுக்கு வருமே ஒரு கோபம், அது வந்தது.

"நீங்களாவது அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல? நான் உளறினா நீங்க பாட்டுக்குப் போய் உக்காந்துக்கறதா? எனக்கு சம்பளம் கிடையாது, நான் இவ புருஷன்னு சொல்றதுக்கு என்ன கேடு?"

அவர் செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்.

"சம்பளத்தை உன்னைத்தான் கேட்டாங்க. என்னை சர்வீஸ் எப்படின்னு மட்டும்தான் கேட்டாங்க. கேட்டதுக்குப் பதில் சொன்னேன்."

"கிண்டலா?"

"கிண்டல் இல்ல. நீ கூச்சப்பட்ட. என்னை வச்சுக் கூச்சப்படறியேன்னு எனக்கும் கூச்சமாப் போச்சு. அப்புறம் அந்த நாற்காலி பழகிப் போச்சு."

அக்காவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. கூச்சப்பட்டாள், உண்மைதான். இத்தனை நாளும் அதைத் தொழில் சாமர்த்தியம் என்று தனக்குத்தானே பூசி மெழுகி வைத்திருந்தாள். அவர் அதை ஒரே வார்த்தையில் உரித்து வைத்துவிட்டார்.

"இப்ப என்ன செய்யறது?" என்றாள்.

"அந்தத் தம்பி தன்னைத் துப்பில்லாதவன்னு நினைச்சுக்கிட்டு இருக்கான். அதை முதல்ல எடு. மத்ததெல்லாம் அப்புறம்."

"ஆஸ்பத்திரி வேலை போயிடும்."

"போனாலும் போகட்டும்."

"தாடிக்கு யார் பதில் சொல்றது? அந்தப் பொண்ணுக்கு?"

ஆனாலும் மறுநாள் இரண்டு பேருமாகச் சலவைக்காரரைப் பார்க்கக் கிளம்பினார்கள்.

சலவைக்கூடத்துக்கு மாடியில்தான் அவர்கள் வீடு. கீழே மெஷின் இருந்த இடத்தில் தரையில் ஒரு பெரிய சதுரத் தடம் மட்டும் இருந்தது. இரண்டு பேரும் மாடிப்படி ஏறினார்கள். கதவைத் திறந்தது சலவைக்காரரின் மனைவி. ஒல்லியான, நிமிர்ந்த பெண். அக்காவை அவள் பார்த்ததில்லை, ஆனால் கேள்விப்பட்டிருந்தாள். எந்த அளவு என்பது அவள் "வாங்க" என்று சொன்ன விதத்திலேயே தெரிந்தது. வீட்டுக்குள் அவளும் சலவைக்காரரும் ஆளுக்கொரு மூலையாக இருந்தார்கள். அங்கே பேச்சுவார்த்தை நின்று நாளாகிவிட்டது என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டியதில்லை.

சுவரில் கூடத்துச் செய்தித்தாளின் ஒரு பக்கம் ஒட்டியிருந்தது. அக்காவின் பட்டறையைப் பற்றிய பக்கம். தினமும் பார்த்துத் தைரியம் எடுத்துக்கொள்வதற்காகச் சலவைக்காரரே ஒட்டி வைத்தது. அவர் மனைவி அந்தப் போட்டோவையும், அக்காவுக்குப் பின்னால் பாக்கெட்டில் கைவிட்டு நிற்கிற மனிதரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இவரு அந்தக் கஸ்டமர்தானே?" என்று கேட்டாள். "இவரையும் எதுக்குக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?"

வழியெல்லாம் அக்கா மனசுக்குள் ஒரு பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தாள். அத்தனையும் காணாமல் போய்விட்டது.

"இவரு என் வீட்டுக்காரர்மா" என்றாள். "கஸ்டமர் இல்ல. எங்க பட்டறையில பாதி வேலை இவரு கைதான். சம்பளமே கொடுத்ததில்ல. அதை வெளியில சொல்ல அசிங்கமா இருந்துச்சு, மறைச்சுட்டேன். மறைச்சுட்டு, உங்களை நிறுத்தச் சொல்லி உங்க வீட்டுக்காரருக்குப் புத்தி சொன்னேன். தம்பி, உங்களுக்குத் துப்பில்லாம இல்ல. நான் சொன்ன மாதிரி செஞ்சா என் பட்டறையே ஒரு மாசம் தாங்காது."

சலவைக்காரர் எழுந்து நின்றார். மறுபடி உட்கார்ந்தார். "அக்கா, நீங்களா" என்று மட்டும் சொன்னார். கோபமாகச் சொல்லியிருக்கலாம். அவர் குரலில் இருந்தது கோபம் இல்லை, அவளுக்காக அவர் பட்ட வெட்கம். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் மனைவிதான் பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"கீழ வாசல்ல நின்னு இவருகிட்டக் கேட்டேன், உள்ள வரவான்னு. வேணாம், தொழில் வளரணும்னு அக்கா சொல்லியிருக்காங்கன்னாரு. உள்ள துணி அழுக்கோட அப்படியே மடிச்சுக் கட்டறாங்க, எனக்கு வாசல்லருந்தே தெரியுது. வாயை மூடிக்கிட்டு மேல வந்துட்டேன். நான் உழைச்சது இவருக்கு அவமானமாப் போச்சேன்னு நினைச்சு நினைச்சு எனக்குச் சோறு இறங்கல." பிறகு அக்காவின் வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டாள், "அண்ணே, உங்களுக்குக் கோவமே வரலியா?"

"வந்துச்சும்மா" என்றார் அவர். "ஆனா அந்த நாற்காலியில உக்காந்தா டீ தருவாங்க. உள்ள வேலை செஞ்சப்ப ஒருத்தரும் தந்ததில்ல."

அவள் சிரித்துவிட்டாள். சலவைக்காரரும் சிரித்தார். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே விஷயத்துக்குச் சேர்ந்து சிரித்து எவ்வளவு நாளாயிற்றோ, சிரித்த பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்காவால் மட்டும் சிரிக்க முடியவில்லை. பட்டறையில் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்ததே இல்லையா என்று நினைத்துப் பார்த்தாள். கொடுத்த ஞாபகம் வரவில்லை.

கிளம்பும்போது அந்தப் பெண் வாசல்வரை வந்தாள். "அக்கா, எங்ககிட்ட சொல்லிட்டீங்க, சரி. ஆனா இதை எங்க சொன்னீங்களோ அங்கயும் சொல்லணும். அங்க நாளைக்கும் யாராவது ஒருத்தர் வந்து உக்காந்து உங்க பேச்சைக் கேப்பாங்க" என்றாள். மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. அக்காவும் கேட்கவில்லை.

அடுத்த மாதக் கூட்டத்தில் அக்கா எழுந்து நின்றபோது மைக் தம்பி ஆவலோடு மைக்கை நீட்டினான். பாவம், வழக்கமான பேச்சு என்று நினைத்துக்கொண்டான். அவள் மைக்கை வாங்கவில்லை. அந்தக் கதையை ஊருக்கே கேட்கிற குரலில் சொல்ல அவளால் முடியாது. நின்ற இடத்திலிருந்தே சொன்னாள். கேட்பதற்காக எல்லோரும் வாயை மூடிக்கொண்டு முன்னால் சாய்ந்தார்கள். ஆஸ்பத்திரி அம்மாளின் முகம் இறுகியது. புதிதாகச் சேர்ந்தவர்களில் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டாள். சலவைக்காரரும் அவர் மனைவியும் பின்வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா எதையும் குறைத்துச் சொல்லவில்லை. குறைக்கிற சாமர்த்தியத்தை அவள் வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தாள். சொல்லி முடித்தபோது ஒருவரும் கைதட்டவில்லை. அது அவளுக்குப் பெரிய உபகாரமாக இருந்தது.

பெட்டியிலிருந்து சிவப்பு நூலை எடுத்துக்கொண்டு சுவருக்குப் போனாள். தன் ஆணியில் ஒரு முனையைக் கட்டினாள். மறுமுனையைக் கட்ட அவள் வீட்டுக்காரருக்கென்று ஆணி கிடையாது. அவர் அங்கே ஒரு தொழிலாகவும் இல்லை, உறுப்பினராகவும் இல்லை. சுவரில் ஒட்டிய படத்தில் 'மனநிறைவு பெற்ற வாடிக்கையாளர்' மட்டும் தன் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். அந்தப் படத்துக்கு மேலே மைக் தம்பி ஓர் ஆணி அடித்துக் கொடுத்தான். அவன் முகமும் செத்திருந்தது. ஆறு ஊர்களில் அவளைப் பற்றிப் பேசியிருக்கிறான் அல்லவா.

"சாரையும் கூப்பிடுங்கக்கா" என்றான். "அவரு வந்திருக்காரா?"

வந்திருந்தார். கூடவேதான் படியேறி வந்தார். அக்கா முன்வரிசையில் தன் பக்கத்து நாற்காலியில் பையை வைத்து அவருக்காக இடம் பிடித்திருந்தாள். அந்த நாற்காலியில் பை மட்டும்தான் இருந்தது. அவள் திரும்பித் தேடினாள். கூடத்தின் கதவோரம், வெளியாட்கள் காத்திருப்பதற்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். யாரும் சொல்லவில்லை. அவரே போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறார்.

"என்னங்க" என்றாள் அக்கா. "இங்க வாங்க."

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சங்கடத்தோடு எழுந்தார். மைக் தம்பி ஓடிப்போய் அவரிடம் மைக்கைக் கொடுத்தான். ஒரு கையால் வாங்கிக்கொண்டு, அதை என்ன செய்வது என்று கொஞ்ச நேரம் யோசித்தார்.

"நான் என்ன சொல்ல" என்றார். "இங்க வேலை சுத்தமா இருக்கும்."

கூடம் முழுவதும் சிரித்தது. ஆஸ்பத்திரி அம்மாள்கூடச் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது அவருடைய இன்னொரு கையை. அது பாக்கெட்டுக்குள்ளேயே இருந்தது. வீட்டிலிருந்து கிளம்பும்போது அந்தக் கையை அவர் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியதை அவள் பக்கத்தில் நின்று பார்த்திருந்தாள். அதில் மறைப்பதற்கு ஒன்றுமே இல்லை.